இலக்கணப் பாடமும் பிள்ளையின் கொப்பியும்

நமது பாடசாலைகளில் இலக்கணமும் கட்டுரையும் ஒரே பாடத்துக்குள் இருந்தாலும் அக்கரை இக்கரை போலத்தான் இருக்கின்றன. திங்கட்கிழமை ஆகுபெயர் படிப்பிக்கிறோம். வியாழக்கிழமை ‘நான் சென்ற ஒரு பயணம்’ என்று கட்டுரை எழுதக் கொடுக்கிறோம். திங்கட்கிழமை படித்தது வியாழக்கிழமைக் கட்டுரைக்குள் எங்கேயாவது தெரிகிறதா என்று பார்ப்பதில்லை. பார்த்தாலும் தெரியாது என்பது வேறு விஷயம்.

தரம் 10இல் ஒரு மாணவி. தன்மை, முன்னிலை, படர்க்கை கேட்டால் சொல்வாள். எட்டு வேற்றுமைகளையும் உருபோடு ஒப்புவிப்பாள். அவளுடைய கொப்பியில் இப்படி ஒரு வசனம் இருந்தது: ‘விளையாட்டுப் போட்டியில் வெற்றி பெற்ற மாணவர்கள் அதிபர் அவர்களால் பரிசில்கள் வழங்கப்பட்டது.’ நான்காம் வேற்றுமை உருபு ‘கு’ என்று தெரிந்த பிள்ளைக்கு, அதை ‘மாணவர்கள்’ என்ற சொல்லுக்குப் பின்னால் போடவேண்டும் என்பது தெரியவில்லை. ஒன்றன்பால், பலவின்பால் தெரிந்த பிள்ளை ‘பரிசில்கள் வழங்கப்பட்டது’ என்கிறாள். இதைக் கவனக்குறைவு என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் வகுப்பில் பாதிப் பேருக்கு அதே கவனக்குறைவு இருந்தால் அதுக்கு வேறு பெயர் வைக்கவேணும்.

இது புதிய நோய் அல்ல. இப்னு கல்தூன் 1377இல் எழுதி முடித்த ‘முகத்திமா’வை நாம் அரசு, அஸபிய்யா, நாகரிகம் என்ற விஷயங்களுக்காகவே பெரும்பாலும் புரட்டுகிறோம். அந்த நூலின் கடைசிப் பகுதியில் அவர் மொழி கற்பது பற்றி நிறைய எழுதியிருக்கிறார். மொழியை ஆளும் திறன் வேறு, மொழியின் விதிகளைப் பற்றிய அறிவு வேறு என்பது அங்கே அவருடைய வாதம். முதலாவதை ‘மலகா’ என்கிறார். திரும்பத் திரும்பச் செய்து உடம்பில் ஊறிப்போன திறன் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். தையல் வேலையை வைத்து ஓர் உவமை சொல்கிறார். ஊசியில் நூலை எப்படிக் கோப்பது, துணியின் இரண்டு விளிம்புகளையும் சேர்த்து எப்படிக் குத்தி எடுப்பது என்று ஒருவன் வாயால் விளக்கமாகச் சொல்வான். ஊசியைக் கையில் கொடுத்தால் ஒரு தையலும் ஒழுங்காகப் போடமாட்டான். விதி மட்டும் தெரிந்தவனின் நிலை அதுதான். தன் காலத்து நஹ்வு விற்பன்னர் பலரைப் பற்றியும் அவர் கூசாமல் எழுதுகிறார். ஒரு சகோதரனுக்கோ நண்பனுக்கோ இரண்டு வரி எழுதச் சொன்னால், அல்லது தமக்கு நடந்த அநியாயத்தை முறைப்பாடாக எழுதச் சொன்னால் பிழை விடுவார்களாம். விதி எதுவும் தெரியாமலே அழகாக எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள் என்கிறார்.

அவர் வைக்கும் ஒரு விதிவிலக்குத்தான் ஆசிரியனுக்கு முக்கியம். ஸீபவைஹியின் ‘கிதாப்’ நூலை ஆழ்ந்து படித்தவர்களுக்கு மட்டும் மொழித்திறனும் கூடவே வந்துவிடுகிறது என்கிறார். காரணம், ஸீபவைஹி விதிகளோடு நிற்கவில்லை. அரபிகளின் பழமொழிகளும் கவிதைகளும் சான்றுகளாக அந்த நூல் முழுக்கக் கிடக்கின்றன. விதியைத் தேடிப் போகிறவன் வழியெல்லாம் நல்ல மொழியை மிதித்துக்கொண்டு போகவேண்டியிருக்கிறது. அந்த ஸீபவைஹி பிறப்பால் அரபி அல்ல, பாரசீகர் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். இரண்டாவது மொழியாகக் கற்றவருக்குத்தான் எந்த இடம் வழுக்கும் என்று தெரியும். நம் அறபுக் கல்லூரிகளில் ‘ளரப, யள்ரிபு’ என்று வருஷக் கணக்கில் மனனம் செய்தும் ஒரு பக்கம் அரபி எழுதத் தயங்குகிற மௌலவி நண்பர்களுக்கு நான் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். தமிழ் ஆசிரியர்களுக்குச் சிரிக்க உரிமை இல்லை. நாம் படிப்பிப்பது பிள்ளையின் தாய்மொழி.

இப்னு கல்தூன் சொன்னதைப் பிற்காலத்தில் மேற்கில் அளந்தும் பார்த்திருக்கிறார்கள். 1963இல் அமெரிக்காவில் பிராடொக், லொயிட்-ஜோன்ஸ், ஷோவர் என்ற மூவர் அதுவரை நடந்த ஆய்வுகளைத் திரட்டி ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். இலக்கணத்தைத் தனியே கற்பிப்பதால் எழுத்து முன்னேறுவதில்லை, எழுதிப் பழகவேண்டிய நேரத்தை அது பிடித்துக்கொள்வதால் தீங்கும் செய்யலாம் என்றது அது. நியூசிலாந்தில் எல்லி என்பவரும் அவருடைய குழுவினரும் மாணவரை மூன்று வருடம் தொடர்ந்து கவனித்து 1976இல் வெளியிட்ட முடிவும் ஏறக்குறைய அதேதான். 2007இல் கிரஹாம், பெரின் இருவரும் தரம் 4 முதல் 12 வரையான மாணவர் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து ஒவ்வொரு கற்பித்தல் முறைக்கும் ஒரு பயனளவு கணித்தார்கள். எழுதும் உத்திகளைப் படிப்படியாகக் கற்பிப்பதற்கு 0.82. சின்ன வசனங்களை இணைத்துப் பெரிய வசனமாக்கும் பயிற்சிக்கு 0.50. தனி இலக்கணத்துக்கு −0.32, அதாவது சைபருக்கும் கீழே. அந்த ஆய்வுகள் பலவற்றில் இலக்கண வகுப்பு என்பது ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வைத்த வகுப்பு என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆகவே அந்த எண்ணை வைத்து இலக்கணத்தைப் புதைத்துவிட முடியாது. இங்கிலாந்தில் எக்ஸ்டர் பல்கலைக்கழகத்தின் டெப்ரா மைஹில் குழுவினர் 31 பாடசாலைகளில் செய்து 2012இல் வெளியிட்ட ஆய்வு மறுபக்கத்தைக் காட்டியது. எழுத்துப் பாடத்துக்கு உள்ளேயே, அந்த எழுத்துக்குத் தேவையான இலக்கணத்தை மட்டும் கொண்டுவந்தபோது பிள்ளைகளின் எழுத்து முன்னேறியது. ஏற்கெனவே ஓரளவு எழுதக்கூடியவர்களுக்குத்தான் அதனால் கூடுதல் பயன்.

இவையெல்லாம் ஆங்கிலம் பற்றியவை. அப்படியே தூக்கி நம் வகுப்பில் வைக்க முடியாது. ஆங்கிலப் பிள்ளை பேசுகிற மொழிக்கும் எழுதுகிற மொழிக்கும் இடையில் ஒரு வாய்க்கால்தான் இருக்கிறது. நம் பிள்ளைக்கு அது ஆறு. ‘மாடுகள் வயலுக்குள்ள பூந்திட்டுது’ என்று வீட்டில் சொல்கிற பிள்ளை, ‘மாடுகள் வயலுக்குள் புகுந்துவிட்டன’ என்று எழுதவேண்டும். உருபு, விகுதி, எச்சம் எல்லாமே கரையைத் தாண்டும்போது உருமாறுகின்றன. அதனால் தமிழில் இலக்கணம் கற்பிக்காமல் விடமுடியாது என்பது என் கட்சி. எந்த இலக்கணத்தை, எந்த இடத்தில் என்பதுதான் கேள்வி. பேராசிரியர் எம். ஏ. நுஃமான் 1999இல் ‘அடிப்படைத் தமிழ் இலக்கணம்’ நூலை வெளியிட்டபோது செய்த பெரிய உதவி அதுதான். பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் கண்ட தமிழுக்கு நன்னூல் இருக்கிறது. இன்றைக்கு நாம் எழுதுகிற தமிழுக்கு ஓர் இலக்கணம் வேண்டும் என்று எடுத்துக்கொண்டு அதை எழுதினார். பாடத் தயாரிப்பில் நான் முதலில் திறப்பது அதைத்தான்.

பேச்சைப் பற்றி ஒரு வார்த்தை. பிள்ளை பேசுவதைக் ‘கொச்சை’ என்று அடித்துவிட்டு இலக்கணம் தொடங்குவது நம் வகுப்பறைகளில் வழக்கம். முஸ்லிம் பிள்ளைகளின் பேச்சுக்கு இந்த அடி கொஞ்சம் கூடுதலாகவே விழுகிறது. வாப்பா, உம்மா, ராத்தா என்று எழுதினால் சிவப்புக் கோடு போடுகிறவர்களும் இருக்கிறார்கள். பேச்சுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. தென்னிலங்கை முஸ்லிம்கள் ‘நான் போற, அவன் போற’ என்று வினைமுற்றில் இடம், பால் விகுதி இல்லாமல் பேசுகிறார்கள். கிழக்கில் நாம் அந்த விகுதிகளை வைத்திருக்கிறோம். இரண்டும் அந்தந்த ஊரில் பிசகாமல் நடக்கிற விதிகள். மேலே சொன்ன மாட்டு வசனத்திலும் ஒரு விதி இருக்கிறது: பேச்சில் அஃறிணைப் பன்மைக்குத் தனி வினைமுற்று இல்லை. ஒரு மாடு பூந்தாலும் பத்து மாடு பூந்தாலும் ‘பூந்திட்டுது’தான். இதைப் பிள்ளைக்கு எடுத்துச் சொன்னால், தான் மடையன் இல்லை, எழுத்துக்கு ஒரு விகுதி கூடுதலாகத் தேவைப்படுகிறது, அவ்வளவுதான் என்று அவனுக்கு விளங்குகிறது. பிறகு அந்த ஒரு விகுதியைத் தேடிப் பிடிப்பது லேசு.

எழுவாய்க்கும் பயனிலைக்கும் உள்ள இயைபைக் கற்பிக்க எனக்குக் கிடைத்த நல்ல கருவி பள்ளிவாசலில் இருந்து வந்தது. எவ்வளவு பிழை விடுகிற பிள்ளையானாலும் ‘அல்லாஹ் படைத்தான்’ என்றுதான் எழுதும். ‘படைத்தார்’ என்று எழுதாது. ‘நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள்’ என்றுதான் எழுதும். ‘கூறியது’ என்று ஒருநாளும் எழுதாது. இந்த விதியை அவர்களுக்கு யாரும் பலகையில் எழுதிக் காட்டவில்லை. குத்பாவிலும் பயானிலும் கேட்டுக் கேட்டுக் காதில் ஊறிய மலகா அது. நான் அதிலிருந்து தொடங்குவேன். நபியவர்கள் ஒருவர்தானே, பிறகு ஏன் ‘கூறினார்கள்’? மரியாதைக்கு என்பார்கள். சரி, ‘அவர்கள்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘இமாம் புகாரி’ என்று மட்டும் போட்டால்? ‘கூறினார்’ என்று அவர்களே மாற்றுவார்கள். அப்படியானால் வினையின் வாலை எது தீர்மானிக்கிறது? எழுவாயின் வால். இதை அவர்களே கண்டுபிடித்த பிறகு, எழுவாயின் இடத்தில் மாணவர்கள், பரிசில்கள், மாடுகள் என்று மாற்றிக்கொண்டே போவோம். பரிசில்களில் வந்ததும் ‘வழங்கப்பட்டார்கள்’ என்று யாராவது சொல்லிவிட்டு வகுப்பே சிரிக்கும். ‘வழங்கப்பட்டன’ என்ற வடிவம் அந்தச் சிரிப்போடு மனதில் ஒட்டுகிறது. அல்லாஹ்வுக்கு ஏன் ‘ஆன்’ என்ற கேள்வியும் வராமல் இராது. அவன் ஒருவன், அடியான் அவனோடு நேருக்கு நேர் பேசுகிறான். அந்த ஒருமையும் நெருக்கமும்தான் வினையின் விகுதியில் நிற்கின்றன என்பேன். அது இலக்கணப் பாடமா இஸ்லாம் பாடமா என்று கேட்டால், இரண்டும்தான்.

தமிழ் உரைநடையின் முதுகெலும்பு எச்சம். இதில்தான் கூடுதலான நேரத்தைச் செலவழிக்கவேண்டும் என்று நினைக்கிறேன். பாடநூல் வழியில் போனால் தெரிநிலை வினையெச்சம், குறிப்பு வினையெச்சம் என்று வகை கேட்டு முடித்துவிடுவோம். நான் செய்வது வசன இணைப்பு. அமெரிக்காவில் ஃபிராங்க் ஒஹேர் என்பவர் 1973இல், இலக்கணச் சொல் ஒன்றும் சொல்லிக்கொடுக்காமல், சின்ன வசனங்களை இணைக்க மட்டும் பழக்கி ஏழாந்தர மாணவரின் எழுத்தை முன்னேற்றிக் காட்டினார். தமிழுக்கு இது அங்கே இருப்பதை விடப் பொருந்தும். ஏனென்றால் அவர்களுக்கு இணைக்க இடைச்சொற்கள் வேண்டும். நமக்கு வினைச்சொல்லின் முடிவை மாற்றினாலே போதும்.

கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்பட்டது. இன்றைய பிள்ளைகளுக்குப் பாதையில் வாகனத்தை ஏற்றி ஆறு கடந்த காலமோ, மூதூரிலிருந்து லோஞ்சியில் திருகோணமலைக்குப் போன காலமோ தெரியாது. வீட்டில் மூத்தவர்களிடம் கேட்டு எழுதி வரச் சொன்னேன். ஒரு பிள்ளை கொண்டுவந்தது இப்படி இருந்தது: ‘உம்மும்மா மூதூருக்குப் போனார். லோஞ்சியில் ஏறினார். காற்று அடித்தது. லோஞ்சி ஆடியது. உம்மும்மா பயந்தார். கலிமா சொன்னார். திருகோணமலையில் இறங்கினார்.’ ஏழு வசனங்கள், ஒன்றிலும் பிழை இல்லை. ஆனாலும் வாசிக்கும்போது கல்லில் சைக்கிள் ஓடுகிற மாதிரி இருக்கிறது. இதைப் பலகையில் எழுதி, மூன்று வசனமாக்குங்கள் என்றேன்.

ஒருவர் எழுதினார்: ‘உம்மும்மா மூதூருக்குப் போய் லோஞ்சியில் ஏறினார். காற்று அடித்து லோஞ்சி ஆடியதும் பயந்து கலிமா சொன்னார். திருகோணமலையில் இறங்கினார்.’ இன்னொருவர்: ‘லோஞ்சி ஆட ஆடக் கலிமாவை விடாமல் சொல்லிக்கொண்டே திருகோணமலை போய் இறங்கினார்.’ மூன்றாமவர் எல்லாவற்றையும் இணைத்துவிட்டு நடுவில் ‘உம்மும்மா பயந்தார்’ என்பதை மட்டும் தனியே விட்டிருந்தார். ஏன் அதை இணைக்கவில்லை என்று கேட்டேன். ‘அது தனிய நிண்டாத்தான் சேர் பயம் தெரியும்’ என்றார். இணைப்பது எப்படி என்று பழகினால்தான் எங்கே இணைக்கக் கூடாது என்பதும் பிடிபடுகிறது.

நாலாவது ஒரு வசனம் வந்தது: ‘காற்று அடித்து உம்மும்மா கலிமா சொன்னார்.’ வகுப்பு முகம் சுளித்தது. ‘காற்று அடித்து லோஞ்சி ஆடியது’ சரி என்கிறீர்கள், இதை ஏன் பிழை என்கிறீர்கள் என்று கேட்டேன். இந்தக் கேள்வியில் ஒரு பாடவேளை முழுக்கப் போனது, போனாலும் பரவாயில்லை. ‘செய்து’ என்னும் வாய்பாட்டு எச்சம் தன் வினைமுதலின் வினையையே கொண்டு முடியவேண்டும் என்பது தொல்காப்பியம் தொட்டு வருகிற விதி. போனவரும் ஏறியவரும் ஒருவரேயென்றால் ‘போய் ஏறினார்’. அடித்தது காற்று, கலிமா சொன்னது உம்மும்மா, ஆகவே ஒட்டவில்லை. அப்படியானால் காற்று அடித்து லோஞ்சி எப்படி ஆடியது? அங்கேயும் வினைமுதல் இரண்டுதானே? பிள்ளைகள் இன்னும் உதாரணம் தேடினார்கள். மழை பெய்து குளம் நிரம்பியது, சரி. வெயில் எரித்துப் பயிர் கருகியது, சரி. மழை பெய்து நாங்கள் வீட்டுக்குப் போனோம், பிழை. ஒன்றின் விளைவு தானாகவே மற்றதில் போய் விழும் இடத்தில் மொழி விட்டுக்கொடுக்கிறது. இரண்டாவது ஆள் தன் விருப்பத்தோடு ஒரு வேலை செய்யும் இடத்தில் விட்டுக்கொடுப்பதில்லை. இதை அவர்கள் வாயாலேயே சொல்லவைக்க முடிந்தது. பிறகு அந்த வசனத்தைத் திருத்த வழி பார்த்தோம். ‘காற்று அடித்ததால்’ என்றால் காரணம். ‘அடித்தபோது’ என்றால் நேரம். ‘அடித்ததும்’ என்றால் உடனே. ‘காற்று அடிக்க, உம்மும்மா கலிமா சொன்னார்’ என்றால் இரண்டும் சேர்ந்து வருகின்றன. நான்கில் எது வேண்டும் என்பது எழுதுகிறவரின் தெரிவு. பிழை திருத்துவதில் தொடங்கிய பாடம் தெரிவு செய்வதில் வந்து நிற்கும்போது, இலக்கணம் எழுத்துக்குள் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

பெயரெச்சத்தில் வரும் குழப்பம் இதை விடப் பொல்லாதது. நம் பகுதியில் ஒவ்வொரு மாரியிலும் வெள்ளப் பயம் உண்டு. இப்படியொரு வெள்ளத்துக்குப் பிறகு ஒரு தாய் உதவி கேட்டு ஓர் அலுவலகத்துக்குக் கடிதம் கொண்டுபோனார். எழுதிக்கொடுத்தது தரம் 9இல் படிக்கும் மகள். யுத்தமும் இடம்பெயர்வும் பெற்றாரின் படிப்பைத் தின்றுவிட்ட வீடுகளில் கடிதம் எழுதுவது பிள்ளைகளின் வேலை. கடிதத்தில் இருந்த வரி இது: ‘வெள்ளத்தினால் பாதிக்கப்பட்ட எனது கணவரின் தோணிக்கும் வலைக்கும் உதவி வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.’ வாசித்த உத்தியோகத்தர், கணவருக்கு என்ன பாதிப்பு, வைத்திய அறிக்கை எங்கே என்று கேட்டிருக்கிறார். தாய்க்கு ஒன்றும் விளங்கவில்லை. கணவர் சுகமாக வீட்டில் இருக்கிறார். கடிதத்தைத் திருப்பிக் கொண்டுவந்து, இன்னொரு நாள் கூலியை விட்டு இரண்டாவது தடவையும் போகவேண்டி வந்தது. உத்தியோகத்தரைக் குற்றம் சொல்ல முடியாது. ‘பாதிக்கப்பட்ட’ என்ற பெயரெச்சம் தனக்குப் பின்னால் வருகிற முதல் பெயரைப் பிடித்துக்கொள்ளப் பார்க்கும். அந்த முதல் பெயர் ‘கணவர்’. தோணி கொஞ்சம் தள்ளி நிற்கிறது.

அந்த வரியை வகுப்பில் யாருடையது என்று சொல்லாமல் போட்டேன். எச்சத்தைப் பெயருக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் ‘எனது கணவரின், வெள்ளத்தினால் பாதிக்கப்பட்ட தோணி’ என்று வரும். பொருள் தெளிவு, நடை கொஞ்சம் முடமாக இருக்கிறது. பிள்ளைகளே அதை உடைத்து எழுதினார்கள்: ‘வெள்ளத்தில் எனது கணவரின் தோணி உடைந்துவிட்டது. வலையையும் வெள்ளம் கொண்டுபோய்விட்டது. தொழிலுக்குப் போக வழியில்லை.’ இதில் ‘பாதிக்கப்பட்ட’ என்ற சொல்லே இல்லை. அந்தச் சொல் போனதும்தான் என்ன நடந்தது என்று தெரிகிறது. முதல் வகுப்பில் நாம் இணைக்கப் பழக்கினோம். இங்கே உடைக்கப் பழக்குகிறோம். இரண்டுக்கும் வேண்டியது ஒரே இலக்கணம்.

செயப்பாட்டு வினை பற்றியும் இந்த இடத்தில் சொல்லவேண்டும். அரசாங்கக் கடிதங்களையும் செய்தித்தாள்களையும் பார்த்துப் பார்த்து, ‘படு’ போட்டால்தான் எழுத்துத் தமிழ் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். பேச்சில் நாம் அதைக் கிட்டத்தட்டப் பாவிப்பதே இல்லை. ஜும்ஆ முடிந்து வெளியே வந்தால் செருப்பைக் காணவில்லை. ‘எண்ட செருப்ப எடுத்துட்டாங்க’ என்போமே தவிர, ‘எனது செருப்பு எடுக்கப்பட்டது’ என்று எவரும் சொல்லமாட்டார். யார் எடுத்தது என்று தெரியாதபோது பேச்சு ‘ஆங்க’ விகுதியை வைத்துச் சமாளிக்கிறது. எழுத்து ‘படு’வை வைத்துச் சமாளிக்கிறது. அதுதான் அதன் வேலை. செய்தவரைத் தெரியாவிட்டால், அல்லது சொல்லத் தேவையில்லாவிட்டால் ‘படு’. ‘வடிகான் துப்புரவு செய்யப்படவில்லை’ என்று முறைப்பாடு எழுதினால், யார் செய்யவேண்டியது என்ற கேள்வி காற்றில் போய்விடும். முறைப்பாடு எழுதுகிறவர் அந்த இடத்தில் எழுவாயை எழுதத்தான் வேண்டும். இப்னு கல்தூன் நஹ்வு விற்பன்னர்களுக்கு வைத்த சோதனையும் முறைப்பாடு எழுதுவதுதான் என்பது சும்மா வந்த உதாரணமாக எனக்குப் படவில்லை.

ஒற்று மிகுதல், மிகாமை பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. அது ஒரு நீண்ட பட்டியலாகத்தான் நூல்களில் இருக்கிறது. பட்டியலாகப் படித்தால் நிற்காது. நான்கு இடங்களைப் பிடித்துக்கொண்டால் பிள்ளையின் கொப்பியில் வரும் பெரும்பாலான இடங்கள் சரியாகிவிடும். ‘ஐ’ உருபுக்குப் பின், ‘கு’ உருபுக்குப் பின், அந்த, இந்த, எந்த என்பவற்றுக்குப் பின், ‘ஓடிப் போனான், எழுதச் சொன்னார்’ போல இகரத்திலும் அகரத்திலும் முடியும் வினையெச்சத்துக்குப் பின் மிகும். ‘வந்த பையன்’ என்ற பெயரெச்சத்தில் மிகாது. ஏன் இதற்கு மெனக்கெடவேண்டும் என்று கேட்கிற பிள்ளைக்கு, ‘ரமழானில் நோன்பைக் கடை பிடித்தார்கள்’ என்று எழுதிக் காட்டுங்கள். நோன்பு எந்தக் கடையைப் பிடித்தது என்று வகுப்பே கேட்கும். ‘கடைப்பிடித்தார்கள்’ என்ற ஒற்று பிறகு மறக்காது. ‘தந்த பலகை’, ‘தந்தப் பலகை’ என்ற பழைய உதாரணத்தை விட இது வேலை செய்கிறது. ழ, ள பற்றி விதி சொல்லிப் பயனில்லை. நம் பேச்சில் இரண்டுக்கும் ஒரே ஒலிதான். கண்ணால் பார்த்துப் பழகவேண்டிய விஷயத்தைக் காதால் திருத்த முடியாது. வாசிப்பு ஒன்றுதான் வழி. ஆறுமுக நாவலர் இலக்கணச் சுருக்கத்தோடு நில்லாமல் பாலபாடங்களையும் ஏன் எழுதினார் என்பது கொப்பி திருத்தும்போது விளங்கும்.

கொப்பி திருத்துவது என்ற பெரிய வேலைக்கு வருவோம். ஒரு கட்டுரையில் இருபது பிழை இருந்தால் இருபதையும் சிவப்பில் சுழிப்பது ஆசிரியருக்கு மனத்திருப்தி தரும். பிள்ளை அதைப் பார்ப்பது மதிப்பெண்ணுக்கு மட்டும்தான். ஒரு தவணைக்கு மூன்று விஷயம் என்று வைத்துக்கொள்கிறேன். இந்த இரண்டு வாரம் எழுவாய்–பயனிலை என்றால் அதில் மட்டும்தான் கோடு. அதுவும் பிழைக்குக் கீழே அல்ல, வரியின் ஓரத்தில். அந்த வரியில் எது பிழை என்று கண்டுபிடிப்பது பிள்ளையின் வேலை. கொப்பியின் பின்பக்கத்தில் தன் பழைய வசனத்தையும் திருத்திய வசனத்தையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி வைக்கவேண்டும். எழுதியதைப் பக்கத்தில் இருப்பவருக்குச் சத்தமாக வாசித்துக் காட்டவும் சொல்வேன். காற்று அடித்து உம்மும்மா கலிமா சொன்ன மாதிரியான வசனங்கள் கண்ணுக்குத் தப்பும், காதுக்குத் தப்பாது. 40 நிமிடப் பாடவேளையில் பத்து நிமிடம் இதற்குப் போதும். மற்றப் பிழைகள் அதுவரைக்கும் கிடக்கட்டும். இதைப் பார்த்த ஒரு தகப்பன், ‘சேர், கொப்பி ஒழுங்காத் திருத்துறீங்க இல்லையே’ என்று நேரிலேயே கேட்டார். பின்பக்கத்தைத் திறந்து காட்டினேன்.

பரீட்சையை என்ன செய்வது என்று சக ஆசிரியர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. க.பொ.த. சாதாரண தரத் தமிழ்மொழியும் இலக்கியமும் பாடத்தில் இலக்கணச் சிறுவினாக்கள் வருகின்றன; ஆகுபெயரும் புணர்ச்சியும் தெரியாமல் பிள்ளையை அனுப்ப முடியாது. அனுப்பவும் சொல்லவில்லை. பெயர்களைக் கற்பிக்கவேண்டும், ஆனால் பொருளைக் கண்ட பிறகு. புணர்ச்சியையும் அணிகளையும் நான் இலக்கியப் பாடத்தோடு சேர்த்துவிடுகிறேன். செய்யுளைப் பிரித்து வாசிக்க அவை தேவைப்படுகிற இடம் அதுதான். பரீட்சைக்கு முந்திய வாரங்களில் பழைய வினாத்தாள்களை எடுத்து வகைகளையும் வரைவிலக்கணங்களையும் ஒரு தடவை ஓட்டிவிட்டால் போதுமாக இருக்கிறது. ஏற்கெனவே கையில் இருக்கும் பொருளுக்குப் பெயர் ஒட்டுவதுதானே வேலை.

ஆகுபெயரையும் இப்போது அப்படித்தான் தொடங்குகிறேன். வெள்ளம் வந்த இரவைப் பற்றி ஆளுக்கு ஐந்து வசனம் எழுதச் சொல்கிறேன். ஒன்றில் ஊர்ப்பெயர் எழுவாயாக வரவேண்டும், ஆனால் ஊர் என்ற நிலத்தைப் பற்றியதாக இருக்கக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை. கொஞ்சம் முழித்துக்கொண்டு இருப்பார்கள். பிறகு யாராவது ஒரு பையன் ‘அன்று இரவு தோப்பூர் உறங்கவில்லை’ என்று எழுதிக்கொண்டு வருவான். உறங்காதது யார், மண்ணா மனிதரா என்று வகுப்பில் கேட்டுவிட்டு, அதற்குப் பிறகுதான் இடவாகுபெயர் என்ற சொல்லைப் பலகையில் எழுதுகிறேன்.